காலடிச் சத்தத்துக்கு ஒரு பிணம்

மறைகுறிப்பு ஆய்வு வாரியத்தின் சட்டம் எளிமையானது. ஒரு படத்தில் வரும் கொடுங்கோலன் யாரை ஞாபகப்படுத்துகிறானோ அந்த ஆள் செத்திருக்க வேண்டும். செத்து ரொம்ப காலம் ஆகியிருந்தால் நல்லது. வாரிசில்லாமல் செத்திருந்தால் இன்னும் நல்லது. வாரியத்தின் மொழியில் அந்தப் பிணத்துக்கு ‘உரிமையாளர்’ என்று பெயர்.

உரிமையாளர் இல்லாத குறிப்பு அனாதைக் குறிப்பு. அப்படி ஒன்றோடு மாட்டியவர்களை வாரியத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று எங்கள் தொழிலில் யாருக்கும் தெரியாது. எங்களோடு வேலை பார்த்த படத்தொகுப்பாளர் ஒருவர் போன படத்துக்காக அங்கே போனார். அவருடைய டிபன் பாக்ஸ் மட்டும் திரும்பி வந்தது. நன்றாகக் கழுவியிருந்தார்கள்.

எங்கள் இயக்குநரைத் தாடி என்று கூப்பிடுவோம். வருங்காலத்தில் ஒரு நகரம், அதை ஆளும் ஒருவன், அவன் முகத்தை யாருமே பார்த்ததில்லை என்று ஒரு படம் எடுத்தார். எடுப்பதற்கு முன்னால் ஒரு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய வரலாறும் காவியமும் படித்தார். படித்தார் என்பதைவிடப் பிணம் பொறுக்கினார் என்று சொல்லலாம்.

“ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பிணம் ரெடியா வச்சிருக்கேன்யா” என்றார் எங்களிடம். “எவன் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டிடுவேன்.”

நான் காலடிக்காரன். திரையில் ஆட்கள் நடக்கும்போது உங்களுக்குக் கேட்பது அவர்கள் காலடி இல்லை, என்னுடையது. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் சிமெண்ட் பலகை, மரப்பலகை, ஜல்லி கொட்டிய தட்டு எல்லாம் பரப்பி, எதிரே ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே அவற்றின் மேல் நடப்பேன். கதாநாயகி ஓடினாலும் என் கால்தான். குதிரை ஓடினால் என் கை.

தாடியின் படத்தில் அந்த ஆள்பவன் திரையில் வரவே மாட்டான். நீண்ட தாழ்வாரம் ஒன்றைக் காட்டுவார்கள், காலடி கேட்கும், அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அவ்வளவுதான் அவன். ஆக, படத்தின் வில்லன் நான்தான்.

முதலில் பூட்ஸ் போட்டு நடந்தேன். “பரேடு மாதிரி இருக்குய்யா, பயம் வரலை” என்றார் தாடி. தோல் செருப்பு மாட்டினேன். “யாரோ மேனேஜர் வர்றாரு” என்றார். என் அலமாரியில் இருந்த அத்தனை செருப்பும் தேய்ந்தது. பயம் மட்டும் வரவில்லை.

கடைசியில் பயம் என் வீட்டிலேயே கிடைத்தது.

என் மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஒழுங்காகக் கூடாமல், இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். டொக்... சர்ர்ர். டொக்... சர்ர்ர். பூச்சியைக்கூடப் பேப்பரில் ஏந்தி வெளியே விடும் மனிதர். தன் கால் சத்தத்துக்கு அவரே வெட்கப்படுவார். கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கும் ஒவ்வொரு தடவையும், “மன்னிச்சுக்குங்க சார்” என்று தரையைப் பார்த்து மெதுவாகச் சொல்வார். கீழே அது கேட்டிருக்காது.

ஒரு காலையில் சுவருக்கு இந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் என் காதில் வேறு மாதிரி விழுந்தது. ஒரு டொக்குக்கும் அடுத்த டொக்குக்கும் நடுவில் அந்த இழுவை இருக்கிறதே, அது அடுத்த அடி எப்போது விழும் என்று நம்மைக் காக்க வைத்தது. அன்றைக்கே சிமெண்ட் பலகையில் அவரைப் போல நடந்து பதிவு செய்தேன். தாடி கேட்டுவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். ரோமமெல்லாம் எழுந்து நின்றது.

“இதுக்குப் பிணம் வேண்டாமாண்ணே?” என்று கேட்டேன்.

“சத்தத்துக்கு எதுக்குய்யா பிணம்?” என்றார் தாடி.

ஒரு வருடம் நூலகத்தில் உட்கார்ந்த மனிதர் கோட்டை விட்டது அங்கேதான்.

வாரியத்தின் சிறு அரங்கில் படத்தைப் போட்டார்கள். ஒலி அளவைப் பார்த்துக்கொள்ள என்னையும் பின்வரிசையில் உட்கார வைத்தார் தாடி. முன்னால் மூன்று பேர். வாரியத் தலைவர், வரலாற்றுப் பேராசிரியர், இலக்கியப் பேராசிரியர். நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட்.

ஆரம்பிக்கும் முன் தலைவர் எழுந்து திரும்பி எங்களிடம் பேசினார்.

“நாங்க படத்தைத் தடை பண்றவங்கன்னு வெளிய பேசிக்கிறாங்க. தப்பு. கலைக்கு நாங்கதான் தாய். பிள்ளை பெத்துக்கறதை எந்தத் தாயாவது தடுப்பாளா? அப்பன் யாருன்னு மட்டும் கேட்போம். அந்த அப்பன் செத்துட்டான்னா எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல.”

நாங்கள் கை தட்டினோம். கதவருகே நின்ற காவலாளியும் தட்டினார்.

ஆள்பவன் நதிகளை நேராக ஓடச் சொல்லும் காட்சி வந்தது. வரலாற்றுப் பேராசிரியர் உடனே எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மன்னனைச் சொன்னார். பரம்பரையே அற்றுப் போனவன். நிறைவேறியது. கவிஞனை அவனுடைய ஓலைகளையே தின்ன வைக்கும் காட்சி. இலக்கியப் பேராசிரியர் ஒரு பழைய காவியத்தின் மேல் பாரத்தைப் போட்டார். எழுதியவரும் செத்தவர், பாட்டுடைத் தலைவனும் செத்தவன், உரையாசிரியரும் செத்தவர். “மூணு பிணம்!” என்று தலைவர் மகிழ்ந்துபோனார்.

வாக்காளர்களைவிட வாக்குகள் அதிகமாக விழும் காட்சியில் மட்டும் கொஞ்சம் தடங்கல். வரலாற்றுப் பேராசிரியர் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு பேரரசனைச் சொன்னார்.

“அவன் காலத்துல தேர்தலே கிடையாதே” என்றார் இலக்கியப் பேராசிரியர்.

“அதனாலதான் அவ்வளவு ஓட்டு விழுந்துச்சு” என்றார் வரலாற்றுப் பேராசிரியர்.

“நியாயம்” என்றார் தலைவர்.

தாடி இருட்டில் என் தொடையைத் தட்டினார். பிழைத்தோம் என்று அர்த்தம்.

அப்போதுதான் தாழ்வாரம் வந்தது. டொக்... சர்ர்ர்.

தலைவர் வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட் பாதி வழியில் நின்றது. வரலாற்றுப் பேராசிரியரின் பேனா நின்றது. காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி விளக்கைப் போடச் சொன்னார் தலைவர்.

“இந்த நடை,” என்றார். “இது வரலாற்றுல எங்க வருது?”

“வரலாற்றுல கிடையாது” என்றார் வரலாற்றுப் பேராசிரியர் அவசரமாக.

“இலக்கியத்துலயும் கிடையாது” என்றார் அவரைவிட அவசரமாக மற்றவர்.

“அப்ப எங்கதான் இருக்கு?”

இரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். தலைவரும் கேட்டிருக்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டவர் போல மேசையைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“காலடி போட்டது யாரு?” என்று தலைவர் திரும்பினார். தாடியின் கை என் தொடையிலிருந்து போய்விட்டது.

“நான்தாங்க.”

“யாரோட நடை?”

“எங்க மாமனாரோடதுங்க.”

“எந்த நூற்றாண்டு?”

“இந்த... நம்ம வீட்டுலதாங்க இருக்காரு.”

“உயிரோடயா?”

“ஆமாங்க. காலையில டீ குடிச்சாரு.”

தலைவர் நாற்காலியை என் பக்கம் முழுதாகத் திருப்பினார். “தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாரையும் மனசுல வச்சு நடக்கலியே?”

“இல்லீங்க. வேற யாரு இப்படி நடக்கறாங்க?”

நான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் மேலிடத்தின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், கண்ணால் மேலே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அது எனக்கு ஓடவில்லை, கூரையில் ஏதோ ஒழுகுகிறது போல என்று நானும் அண்ணாந்து பார்த்தேன்.

“மாமனாரைக் கூட்டிட்டு வாங்க” என்றார் தலைவர் காவலாளியிடம். “அவர் இங்க நடந்து காட்டட்டும். அதே நடைன்னா பேசலாம். இல்லைன்னா...” பின்பக்கச் சுவரைப் பார்த்தார். அதற்குப் பின்னால்தான் அந்தக் கட்டடம்.

காவலாளி வாசலில் சொல்லி ஜீப்பை அனுப்பிவிட்டு வந்தார். தாடி வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார், திரும்பி வரவே இல்லை. நானும் அந்தக் காவலாளியும் கதவருகே காத்திருந்தோம். அவருக்கு என் மேல் இரக்கமாக இருந்திருக்க வேண்டும். தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

“இங்க ரொம்ப நாளா வேலையா?” என்று கேட்டேன்.

“இல்ல. முன்னாடி பெரிய வீட்டு வாசல்ல டூட்டி.”

“எந்தப் பெரிய வீடு?”

அவர் கூரையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் கதவு திறந்தது. எங்கள் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆள் தெரியவில்லை, சத்தம்தான் வந்தது.

டொக்... சர்ர்ர். டொக்... சர்ர்ர்.

காவலாளியின் குதிகால்கள் ஒன்றோடொன்று அறைந்துகொண்டன. கை நெற்றிக்குப் போனது. கண்கள் தரைக்குப் போயின. கழுத்திலிருந்து வியர்வை காலருக்குள் இறங்கியது. அவர் யோசித்துச் செய்யவில்லை, உடம்பு செய்தது. எனக்குப் பின்னால் ஏதோ தடாலென்று விழுந்தது. திரும்பினேன். தலைவரின் நாற்காலி. மூன்று பேரும் எழுந்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. சலவைச் சட்டையும், கையில் மாத்திரைப் பையுமாக என் மாமனார் நின்றார்.

“மாப்ள, ஏதாவது தப்பா போச்சா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில வருடங்களாக டிவியில் மேலிடம் எப்போதும் உட்கார்ந்தேதான் இருக்கிறார், அல்லது ஏற்கெனவே மேடையில் நின்றுகொண்டிருக்கிறார். நடந்து வந்து யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொன்னதில்லை.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏன் எழுந்தேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், மற்ற இருவரும் ஏன் எழுந்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

“எனக்கு முதுகு வலி. டாக்டர் அடிக்கடி எழுந்து நிக்கச் சொல்லியிருக்காரு” என்றார் வரலாற்றுப் பேராசிரியர்.

“நான் ஜன்னலைத் திறக்கலாம்னு” என்றார் இலக்கியப் பேராசிரியர். அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

தலைவர் காவலாளியிடம் திரும்பினார். “நீ ஏன்யா எழுந்த?”

“நான் நின்னுட்டுதாங்கய்யா இருந்தேன்.”

“சல்யூட் எதுக்கு அடிச்ச? யாருக்கு அடிச்ச?”

எல்லோருடைய உயிரும் அந்தக் காவலாளியின் நாக்கு நுனியில் இருந்தது. அவர் என் மாமனாரை மேலும் கீழும் பார்த்தார்.

“வயசானவருங்கய்யா. பெரியவங்க வந்தா மரியாதை குடுக்கணும்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க.”

ஆற்றில் போகிறவனுக்குக் கிடைத்த கட்டை மாதிரி தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

“அதுதான்யா! அதுக்குத்தான் நாங்களும் எழுந்தோம். இந்த நாட்டுல யாரும் எதுக்கும் பயப்படறதில்ல. அப்படி யாராவது பயந்தா உடனே எங்களுக்குத் தகவல் சொல்லணும்னு உத்தரவே இருக்கு. நாங்க எழுந்தது பண்பாடு. பண்பாடுன்னா என்ன? யோசிக்காம வரணும். யோசிச்சு எழுந்தா அது மரியாதை இல்ல, அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு இங்க இடமில்ல.” கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “பெரியவரே, இன்னொரு தடவை நடங்க. இது வழக்கம்னு பதிவாகட்டும்.”

மாமனார் சுவர் வரை நடந்தார். எல்லோரும் நின்றார்கள்.

“எதுக்குங்க எல்லாரும் நிக்கிறீங்க, உக்காருங்க” என்றார் கூச்சத்தோடு.

பட்டென்று உட்கார்ந்தார்கள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். தண்ணீர்க் குவளை வரை நடந்தார். எழுந்தார்கள். “உக்காருங்க.” உட்கார்ந்தார்கள். தாகமே இல்லாத மனிதர் இன்னொரு தடவையும் தண்ணீர் குடிக்கப் போனார். பிறகு குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். இத்தனை காலம் வெறுமனே இழுத்துக்கொண்டு திரிந்த காலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பது போல.

“நடை ஒத்துப்போகுது. உரிமையாளர் இவர்தான்” என்றார் தலைவர். “ஒரு குறைதான். இவர் சாகலை.”

பின்பக்கச் சுவர் அறைக்குள் கொஞ்சம் நகர்ந்து வந்தது போல எனக்குப் பட்டது.

“இருக்கிறவரை வரலாற்றுல சேர்க்க முடியாதா?” என்று தலைவர் கேட்டார்.

“சேர்க்கலாம். காலமானார்னு ஒரு சான்றிதழ் இருந்தாப் போதும்” என்றார் வரலாற்றுப் பேராசிரியர்.

“இலக்கியத்துக்கு ஆட்சேபணை இல்ல” என்றார் மற்றவர்.

“ஐயா, அவருக்கு ஒண்ணும் ஆகாதில்ல?” என்று கேட்டேன்.

“என்ன ஆகப்போகுது? சாகறதுதான். அதுவும் காகிதத்துல.”

மாமனார் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். “நானே கையெழுத்துப் போடணுங்களா?”

“நீங்கதான் போடணும். செத்தவரே ஒத்துக்கிட்டா அப்புறம் எவனும் கேள்வி கேக்க முடியாது.”

போட்டார். நன்றாக வளைத்து, கீழே ஒரு கோடும் இழுத்தார். மரணத்துக்குச் சாட்சியாக நான் போட்டேன். போடாவிட்டால் எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. காவலாளி அடித்த சல்யூட்டுக்கு மூடி போட இன்னோர் ஆணையும் பிறந்தது. மறைந்த அந்தப் பெரியவரின் காலடிச் சத்தம் எங்கே கேட்டாலும் குடிமக்கள் எழுந்து நிற்க வேண்டும், அவர் சொன்ன பிறகே உட்கார வேண்டும்.

“செத்தவர் எப்படிச் சொல்லுவாரு?” என்று கேட்டேன்.

“அது உங்க குடும்ப விஷயம்” என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனுஷனைச் செத்தாருன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கு நெஞ்சு இருக்கா?”

“உன் புருஷன் உயிரோட வந்திருக்கான்ல, அதைப் பாரு” என்றேன்.

“விடும்மா” என்றார் மாமனார். “செத்துப் பார்த்தாதான் தெரியுது.”

படம் வெளியாகி நன்றாக ஓடியது. ஜனங்கள் பாதிப் படத்தை நின்றுகொண்டே பார்த்தார்கள். தாடிக்கு முதியோர் மரியாதை விருது கிடைத்தது. செத்தவர் தெருவில் தென்படக் கூடாது என்பதற்காக எங்கள் வாசலில் ஒரு காவல் போட்டார்கள். அதே காவலாளி. உள்ளே டொக்கென்று கேட்டால் வெளியே குதிகால்கள் அறையும்.

முதல் நாள் காலையில் மாமனார் பழக்கமாக மெதுவாகத்தான் குளியலறைக்கு நடந்தார். கீழ் வீட்டிலிருந்து துடைப்பக் கட்டை இடிக்கும் என்று காத்திருந்தேன். இடிக்கவில்லை. பதிலுக்கு நாற்காலிகள் தரையில் உரசிப் பின்னால் போகும் சத்தம் வந்தது. என் காது தொழில்காரன் காது. இரண்டு பிளாஸ்டிக், ஒரு மரம். பிறகு பக்கத்து வீட்டில் ஓர் இரும்புக் கட்டில் முனகி எழுந்தது. மேல் வீட்டிலும் எதுவோ உருண்டது. கட்டடம் முழுவதும் எழுந்து நின்றது.

மாமனார் நடு அறையில் நின்று அதைக் கேட்டார். பிறகு கை இரண்டையும் வாயருகே குவித்து, “உக்காருங்க சார், மன்னிச்சுக்குங்க!” என்று கத்தினார். நாற்காலிகள் இறங்கின.

மறுவாரம் மன்னிச்சுக்குங்க போய்விட்டது. அதற்கடுத்த வாரம் சார் போய்விட்டது. அப்புறம் அவர் தேவையில்லாமல் நடக்க ஆரம்பித்தார். நடந்துவிட்டு, கட்டடத்தை நிற்க வைத்துவிட்டு, சாவகாசமாகப் பேப்பர் படிப்பார். “உக்காருங்க” விளையாட்டுச் செய்திக்கு அப்புறம்தான் வரும்.

“அப்பா, கீழ இருக்கிற அம்மாவுக்கு முட்டி வலி. சீக்கிரம் சொல்லிடுங்க” என்றாள் என் மனைவி.

“அவ வீட்டுக்காரன் எத்தனை நாள் கட்டையால இடிச்சான், உனக்கு ஞாபகம் இருக்கா?” என்றார் பேப்பரிலிருந்து கண் எடுக்காமல்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வாசல் கதவைத் திறந்து காவலாளியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் போனதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு கீழ் வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் சத்தம் மட்டுமே வந்தது. மர நாற்காலி எழவே இல்லை. கீழ் வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வதுதான் வசதியாக இருந்தது. ஒரு நாள் வேலைக்குப் போகப் படியிறங்கும்போது அவர்கள் வாசலில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. நன்றாகக் கழுவியிருந்தார்கள்.

திரும்பி மேலே ஏறி வந்தேன். மனைவி அடுக்களையில் இருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். உள்ளறையில் கட்டில் அசைந்தது.

டொக்... சர்ர்ர்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உரசின. வாசலில் குதிகால்கள் அறைந்தன. மாமனார் மெதுவாக வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மாத்திரைப் பையைத் திறந்தார். தண்ணீர் குடித்தார். பேப்பரை மடியில் விரித்தார்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர்தான் உட்கார்ந்துவிட்டாரே என்று என் நாற்காலியைப் பின்னால் தொட்டுப் பார்த்து முழங்காலை மடக்கினேன்.

“மாப்ள,” என்றார், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. “நான் இன்னும் சொல்லலியே.”